ஆவியைப் பிடிக்க வழியில்லாமல் மண்ணைச் சூடாக்காதீர்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர், உறுப்பினர் செயலர், தொழில்நுட்பக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாசுபட்ட நிலங்களுக்கான விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது. இனி பழைய ஆலை வளாகங்களைச் சுத்தம் செய்ய டெண்டர்கள் வரும். "தோண்ட வேண்டாம், லாரி வேண்டாம், மண்ணை இருந்த இடத்திலேயே சூடாக்கி நஞ்சை எடுத்துவிடுகிறோம்" என்று கம்பெனிகளும் வரும். முறை நல்ல முறைதான். இந்த வேலையில் இருக்கும் நாங்கள் அதை எதிர்த்து எழுதவில்லை. ஆனால் சூடாக்குவது இதில் பாதி வேலைகூட இல்லை. கிளம்பும் ஆவியை மேலே இழுத்துப் பிடிப்பதுதான் வேலை. டெண்டரில் வெப்பநிலையை மட்டும் கேட்டீர்களானால் வெப்பம் மட்டுமே கிடைக்கும். ஆவி பக்கத்துத் தெருவுக்குப் போகும்.

எங்கே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ராணிப்பேட்டை குரோமியக் கழிவுக்கு இந்த முறை அறவே ஆகாது. குரோமியம் ஆவியாகாது. அதைவிட மோசம், குரோம் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துக் காற்றில் வறுத்துத்தான் குரோமேட்டே தயாரிக்கிறார்கள். காரத்தன்மையுள்ள அந்தக் கழிவை மறுபடி சுட்டால், அதில் மிச்சமிருக்கும் நச்சு குறைந்த மூவிணைதிறன் குரோமியமும் நச்சு மிகுந்த அறுவிணைதிறன் குரோமியமாக மாற வழி திறக்கும். கொடைக்கானலில் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலை வேறு வகை. பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும், அதற்குக் கீழேயே ஆவியாகும். ஆனால் பாம்பார் சோலைக்கு மேலே இருக்கும் சரிவில் நிலத்துக்குள் ஹீட்டர் இறக்கினால், ஆவி குளிர்ந்த மண்ணை எட்டியதும் மணிமணியாகத் திரண்டு இன்னும் ஆழத்துக்கு இறங்கிவிடும். தோண்டிய மண்ணைக் கழுவி, மூடிய கலனில் வெற்றிடத்தில் சூடாக்குவதே அங்கே பொருந்தும். சுத்தம் செய்த மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற இலக்கு போதுமா என்பது தனி விவாதம்.

இந்த முறைக்கு ஏற்ற இடம், கரைப்பான் கசிந்து ஊறிய களிமண். களியில் தண்ணீரை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்யப் பல பத்தாண்டுகள் ஆகும். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைப்பானான டிரைகுளோரோஎத்திலீன் தனியே 87 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரோடு சேர்ந்திருந்தால் 73 டிகிரியே போதும். மின்முனைகளை இறக்கி மண்ணின் ஊடாகவே மின்சாரம் செலுத்தினால் 100 டிகிரி வரை போகலாம், அதற்கு மேல் போகாது. மின்முனையைச் சுற்றி மண் காய்ந்துவிட்டால் மின்னோட்டம் நின்றுவிடும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தாரும், குளோரின் கலந்த கொடிய நஞ்சான டையாக்சினும் வேண்டுவது 300 டிகிரிக்கு மேல். அதற்கு 700, 800 டிகிரியில் எரியும் ஹீட்டர் குழாய்கள் இரண்டு, இரண்டரை மீட்டர் இடைவெளியில் தேவை. வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் 2018இல் முடிந்த பணியில் மண்ணைத் தோண்டி, தரைக்கு மேலே பெட்டி கட்டி, 335 டிகிரிக்கு ஏற்றினார்கள். ஏறக்குறைய 90,000 கன மீட்டர். அந்த வெப்பநிலைக்கு நிலத்தடி நீர் எட்டாத இடம் வேண்டும். பெட்டிக்குள் அது கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். நீர் நிறைந்த ஒரு கன மீட்டர் மண்ணை 28 டிகிரியிலிருந்து 100க்கு ஏற்ற, மண்துகளுக்கு 30 யூனிட், அதிலுள்ள 340 லிட்டர் தண்ணீருக்கு 28 யூனிட். தண்ணீரில் 100 லிட்டரை ஆவியாக்க இன்னொரு 63. பக்கவாட்டு இழப்பையும் சேர்த்தால் 200, 250 யூனிட் ஆகிவிடும். 5,000 கன மீட்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு இலட்சம் யூனிட். 80 யூனிட்டில் முடிப்பதாக யாராவது விலைப்புள்ளி கொடுத்தால் அந்த மனுவை மடித்து வைத்துவிடலாம்.

இந்தக் கணக்கையும் கவிழ்ப்பது உள்ளே வரும் நிலத்தடி நீர். மணிக்கு 1,000 லிட்டர் புதுத் தண்ணீர் புகுந்தால், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே 84 கிலோவாட் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். மணல் அடுக்கு ஒன்று குறுக்கே ஓடினால் அந்த ஆழத்தில் தெர்மோகப்பிள் (மண்ணின் வெப்பநிலையை அளக்கும் கம்பி) 60 டிகிரியில் நின்றுவிடும். மாதக்கணக்கில் நின்றாலும் ஏறாது. ஆகவே நீரோட்டத்தின் வேகத்தை அளக்காமல் டெண்டர் விடாதீர்கள். மணல் அடுக்கு இருந்தால் நீரைத் தடுக்க நிலத்துக்குள் சுற்றுச்சுவர் இறக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த அடுக்கில் நீராவி செலுத்தச் சொல்லுங்கள். சென்னையில் தை பிறந்ததும் சூடேற்றத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிப்பதே புத்தி.

இனி ஆவி. ஹீட்டரைப் போடுவதற்கு முன்பே, ஆவியை உறிஞ்சி இழுக்கும் ப்ளோயர் ஓட வேண்டும். ப்ளோயர் நின்றால் ஹீட்டர் தானே நிற்க வேண்டும். ஆனால் மின்சாரம் போனாலும் சூடான மண் நாள்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஜெனரேட்டர் வேண்டியது ஹீட்டருக்கு அல்ல, ப்ளோயருக்கும், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கன்டென்சருக்கும். பல திட்ட வரைவுகளில் இது தலைகீழாக இருக்கிறது! தரைமேல் போடும் மூடி வெப்பம் தாங்கும் கான்கிரீட்டாக, மழைநீர் வடியும் சரிவோடு இருக்கட்டும். அதன் கீழே எந்த மூலையிலும் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவாக இருக்கிறதா என்று தினமும் பதிவாக வேண்டும். பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தொங்கிவிடும். குளோரின் உள்ள கரைப்பான் சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும். சாதாரண எவர்சில்வர் குழாயில்கூடக் குழிவிழும். மாசைப் பிடித்துவைக்கும் ஆக்டிவேட்டட் கரிக்குள் ஈரமும் சூடுமாக ஆவி நுழைந்தால் கரி மாசைப் பிடிக்காது. 40 டிகிரிக்குக் கீழே குளிர்வித்து, நீரைப் பிரித்து, லேசாகச் சூடேற்றிய பிறகே அனுப்ப வேண்டும். அப்படியும், இந்தக் கரைப்பான்கள் மண்ணில் சிதைவதால் உண்டாகும் வினைல் குளோரைடு வாயு கரியில் நிற்காது. அது இருந்தால் எரிப்பான் தேவை, அதன் பின்னால் அமிலத்தைக் கழுவும் கோபுரமும் தேவை.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் வெளிப்பட்டதுபோல, கசிந்த எரிபொருள் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும் இடமானால், மிதக்கும் எண்ணெயை இறைத்து முடிக்காமல் சுவிட்சைத் தொடவே கூடாது. சூட்டில் எண்ணெய் இளகி நகரும், ஆவி வெடிக்கும் அளவுக்குச் சேரும். பழைய சாக்கடைக் குழாயும் கேபிள் பள்ளமும் அந்த ஆவியை நேரே வீட்டுக்குள் கொண்டுபோய்விடும். அவற்றை முதலில் தேடி அடைக்க வேண்டும்.

கடைசியாக, பணம் எப்போது கொடுப்பது? 'வெப்பநிலை எட்டியது' என்ற சான்றுக்குக் கொடுக்காதீர்கள். ஹீட்டர்களுக்கு நடுமையத்தில், கீழ்விளிம்பில், அதாவது மிகக் குளிர்ந்த இடங்களில் மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சூடான மண்ணைத் திறந்தால் மாசு பறந்துவிடும், பரிசோதனைத் தாளில் மண் சுத்தமாகத் தெரியும். உலோகக் குழாயில் எடுத்து, இரு முனையையும் உடனே மூடி, ஐஸில் வைத்து ஆறிய பின்பே திறக்க வேண்டும். மாதிரி எடுப்பவர் வாரியம் அமர்த்தியவராக இருக்க வேண்டும், ஒப்பந்ததாரர் அமர்த்தியவராக அல்ல. தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். மண் ஆறி, அடுத்த வடகிழக்குப் பருவமழை கடந்து, கிணறுகளில் எடுத்த நீரிலும் மாசு திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு விடுவியுங்கள்.

இப்படிக்கு,
மண், நிலத்தடி நீர்ச் சீரமைப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள்