வெள்ளத்துக்குக் கட்டிய கரை காலியாகத்தான் இருக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். வைகை 71 அடி, மஞ்சளாறு 57 அடி, சோத்துப்பாறை 126 அடி என்று உச்ச அளவுகள் எங்கள் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அந்தக் கட்டத்தில் ஒருநாளும் இடம்பெறாத ஒரு கரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி வட்டாரத்தில் உள்ள சிற்றூர் எங்களுடையது. காப்பி, மிளகு, மலைவாழைதான் பிழைப்பு. ஊருக்கு மேலே ஓடையை மறித்து ஒரு மண்கரை இருக்கிறது. உயரம் 20 அடி தேறும். பாசனத்துக்கோ குடிநீருக்கோ கட்டியதல்ல. மேலிருந்து அடித்துக்கொண்டு இறங்கும் வெள்ளத்தை ஒரு நாள், இரண்டு நாள் பிடித்து வைத்து, அடியிலுள்ள தூம்புக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குக் கட்டியது. குழாய்க்கு மிஞ்சினால் ஓரத்தில் பாறையை வெட்டிவிட்ட கலுங்கு வழியே போய்விடும். மற்ற நாட்களில் உள்ளே புல் முளைத்து மாடு மேய வேண்டும்.

இப்போது அங்கே மாடு மேய இடமில்லை. முக்கால்வாசி தண்ணீர் நிற்கிறது.

இது எப்படி நடந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாசி, பங்குனியில் காப்பிக்குப் பூமழை, அதாவது மொட்டு விரியப் பெய்யும் மழை, வேண்டும். அந்த மழை ஏமாற்றினால் ஓஸ் போட்டு ஸ்பிரிங்ளர் அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருட மகசூல் போனதுதான். அதற்காகத் தூம்பின் வாயில் மணல் மூட்டையும் தார்ப்பாயும் வைத்து அடைத்தார்கள். குற்றம் சொல்ல மனம் வரவில்லை. தோட்டம் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் பூ பிடித்த பிறகும் மூட்டையை எடுக்கவில்லை. அப்புறம் கலுங்கின் மேல் இரண்டு வரிசை ஹாலோபிளாக் ஏறியது. தண்ணீர் நின்றதும் ஊருக்கே ஒரு களை வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். வெள்ளத் தடுப்புக் கரை நிரம்பி நிற்பது அழகல்ல. அதன் முழுப் பலமும் உள்ளே இருக்கும் காலி இடம்தான். ஐப்பசி மழைக்கு அந்த இடம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் கரை இருந்தும் இல்லாத மாதிரி. சொல்லப்போனால் இல்லாமல் இருந்தாலே தேவலை. வெறும் ஓடையாக இருந்தால் மழைத் தண்ணீர் மட்டும்தான் வரும். கரை உடைந்தால் தேங்கியதும் சேர்ந்து வரும்.

எவ்வளவு வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் பரப்பில் சராசரியாக 10 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஆயிரம் லாரி. மலைச்சரிவில் இதற்குக் கீழே வீடுகள் இருக்கின்றன. சமவெளியில் ஒரு கண்மாய் உடைந்தால் தண்ணீர் பரவி மட்டுப்பட இடமாவது இருக்கும். இங்கே பள்ளத்தைத் தவிர அதற்குப் போக்கிடம் இல்லை.

கரையின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மேல்மட்டத்தில் ஒரு இடத்தில் காட்டெருமைகள் தினமும் கடந்து கடந்து, தடம் ஒரு முழத்துக்குப் பள்ளமாகிவிட்டது. பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் கரை ஏறினால் நீளம் முழுக்க ஒரே சீராக வழியாது. அந்தப் பள்ளத்தில்தான் மொத்தமும் பாயும். மண் கரைந்து வாய் அகலமாக அதிக நேரம் வேண்டாம். வெளிச்சரிவில் உண்ணிச்செடி மண்டி, நடுவில் சில்வர் ஓக் மரங்கள் தடிமனாகிவிட்டன. வேர் மண்ணைப் பிடிக்கும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மலைச்சரிவுக்கு அது சரி, அணைக்கரைக்குச் சரியில்லை. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாய் போலப் பொந்தாகும். பெருங்காற்றில் சாய்ந்தால் வேரோடு கரை மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். 2018 கஜா புயலில் நம் மலையில் எத்தனை மரம் விழுந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

கரையடியில் கசிவும் இருக்கிறது. மண்கரையில் கொஞ்சம் கசிவது இயல்புதான். கசிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். செம்மண் கலங்கலாக வந்தால் தண்ணீர் கரையை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இங்கே கோடையில் தெளிவாக இருந்தது, சமீபத்திய மழைக்குப் பிறகு பாட்டிலின் அடியில் வண்டல் படிகிறது. ஓரிரு நாள் மட்டும் தண்ணீர் நிற்பதற்கென்று போட்ட கரையை மாதக்கணக்கில் ஊறவைத்தால் வேறு எப்படி இருக்கும்?

மனு கொடுக்காமல் இல்லை. ஒரு அலுவலகத்தில் "இது எங்கள் லிமிட் இல்லை" என்றார்கள். இன்னொன்றில் கரை யார் கணக்கில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நம்புகிறேன். சட்டத்தைக் காட்டலாம் என்றால் அதிலும் ஓட்டை. 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்தினால் வரும். அதற்கும் குட்டையானவை வரவே வராது. பெரிய அணைகளை முதலில் கவனிப்பது நியாயம்தான். ஆனால் 20 அடிக் கரைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அது பெரிய அணைதான்.

கவனிப்பு இருந்தால் மண்கரை எத்தனை காலமும் நிற்கும். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கியதுதான் கொடைக்கானல் ஏரி. கவனிப்பு தவறினாலோ, அவசரத்தில் வழி திறக்காமல் போனாலோ என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். 1977-இல் குடகனாறு அணையில் வெள்ள நேரத்தில் மின்சாரம் போய், ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியாமல், தண்ணீர் மண்கரை மேல் ஏறி உடைத்தது. 2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து சுமார் 20 பேர் போனார்கள். கசிவைப் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு அமைச்சர் ஒருவர் நண்டுகளின் மேல் பழி போட்டார். நண்டு வளை கரையைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வளையை அடைக்கும் வேலை நண்டுடையது இல்லையே.

கேட்பது பெரிய செலவில்லை. கலுங்கின் மேல் கட்டியதை இடிக்க வேண்டும், காட்டெருமைத் தடத்தை நிரவிக் கெட்டிக்க வேண்டும், புதரை வெட்டிக் கரை கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். மரங்களை மட்டும் மழை நேரத்தில் வேரோடு பிடுங்கக் கூடாது. அதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். தூம்பு அடைப்பை எடுப்பதிலும் நிதானம் வேண்டும். ஒரே நாளில் மொத்தத் தண்ணீரையும் இறக்கினால், ஊறிப்போன உள்சரிவு தாங்கலின்றிச் சரிந்துவிடும். அதனால்தான் நாங்களே இரவோடு இரவாக மூட்டையைப் பிடுங்கிவிடலாம் என்று சொன்ன இளைஞர்களைத் தடுத்து வைத்திருக்கிறோம். காப்பிக்காரர்களுக்குப் பூமழைத் தண்ணீர் வேண்டுமென்றால் தோட்டத்துக்குள் பண்ணைக்குட்டை வெட்ட மானியம் கொடுங்கள், யாரும் தகராறு செய்ய மாட்டார்கள். பிறகு, மழை நாட்களில் கரையைச் சுற்றிவர ஊரிலேயே ஒரு ஆள், அவருக்கு ஒரு சம்பளம், அவர் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு போன் நம்பர்.

நம் மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. உங்கள் நிருபர் வருவதானால் ஐப்பசி பிறப்பதற்கு முன் வரட்டும். ஜீப் கரை வரை ஏறாது. காப்பித் தோட்டம் வழியாக நடக்க வேண்டும், அட்டைக்குக் கொஞ்சம் உப்பு கொண்டுவந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர்,
தாண்டிக்குடி வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.

(பெயரைப் போட வேண்டாம். கரையில் ஓஸ் போட்டிருப்பவர்களும் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள்.)