இளம் கூடைப்பந்தாட்ட வீரர்களைத் தாமாக முடிவெடுக்கப் பழக்குவோம்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணப் பாடசாலைகளுக்கிடையிலான கூடைப்பந்தாட்டப் போட்டிகளை நெடுங்காலமாகப் பார்த்து வருபவன் என்ற வகையிலும், மாலை வேளைகளில் இளம் வீரர்களின் பயிற்சிக்கு உதவி வருபவன் என்ற வகையிலும், எங்கள் பயிற்சி முறையிலுள்ள ஒரு குறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துக்கூற விரும்புகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டத்திலோ உடலுறுதியிலோ குறைவில்லை. பந்தைத் தட்டிச் செல்லவும் எறியவும் நன்றாகவே தெரியும். ஆனால் எதை எந்தக் கணத்தில் செய்வது என்று தாமாகத் தீர்மானிக்க அவர்களை நாங்கள் பழக்கவில்லை.

பந்து கைக்கு வந்ததும் பல பிள்ளைகள் முதலில் பார்ப்பது கூடையையோ தடுக்க வருபவரையோ அல்ல, கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநரைத்தான். "பாஸ் பண்ணு", "உள்ளே போ", "அடி" என்று அங்கிருந்து கட்டளைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அந்தச் சொல் காதில் விழுந்து, விளங்கி, கை அசைவதற்குள் திறந்திருந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. தாக்கும் அணி 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். 8 வினாடிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். எதிராளி நெருங்கி நின்று தடுக்கும்போது பந்தை 5 வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. பயிற்றுநருக்கோ சர்வதேச விதிகளின்படி 40 நிமிட ஆட்டத்தில் முதற் பாதியில் இரண்டும் இரண்டாம் பாதியில் மூன்றுமாக, ஆட்டத்தை நிறுத்தி வீரர்களுடன் பேசுவதற்கான ஒரு நிமிட ரைம் அவுட்கள் ஐந்து மட்டுமே உண்டு. மற்ற நேரமெல்லாம் களத்தில் நிற்கும் ஐவருக்கே உரியது.

குறை போட்டி நாளில் தொடங்குவதில்லை. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி வரிசையில் நிற்பதிலும், பிளாஸ்ரிக் கூம்புகளைச் சுற்றி ஓடுவதிலும், தடுப்பார் எவருமில்லாத கூடைக்கு ஓடிச் சென்று அருகிலிருந்து பந்தைப் போடும் லே-அப் எறிவதிலும் கழிகிறது. கூம்பு அசையாது, கை நீட்டாது, ஏமாற்றாது. அதைச் சுற்றி ஓடிப் பழகிய பிள்ளை, உயிருள்ள எதிராளி குறுக்கே வந்ததும் தடுமாறுவது, கடந்தகால வினாத்தாள்களின் விடைகளைப் பாடமாக்கிய மாணவன் வினாவை மாற்றிக் கேட்டதும் பேனாவை வைத்துவிடுவதைப் போன்றதுதான். கைப்பழக்கம் வருவதற்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனோடு நின்றுவிடக்கூடாது என்பதே என் வேண்டுகோள்.

இரண்டு பேர் தாக்க, ஒருவர் தடுக்கும் எளிய பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். பந்து வைத்திருப்பவர் கூடையை நோக்கி வேகமாகச் சென்று, தடுப்பவரைத் தன் பக்கம் வரச் செய்ய வேண்டும். அவர் வந்துவிட்டால் பந்து தோழனுக்கு. வராமல் தோழன் பக்கம் சாய்ந்தால் தானே உள்ளே சென்று எறிய வேண்டும். எங்கள் பிள்ளைகள் அநேகமாகப் பந்தை மிக முந்தியே கொடுத்துவிடுகிறார்கள்; தடுப்பவர் ஆறுதலாக மற்றவரிடம் நகர்ந்துவிட, இருவர் என்ற அனுகூலம் அவ்விடத்திலேயே கரைந்துபோகிறது. பந்தைப் பாராமல் தடுப்பவரின் கால்களையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால், அவர் எப்பக்கம் போகப் போகிறார் என்பதைப் பிள்ளை விரைவில் வாசிக்கத் தொடங்கும். அது கைவந்த பின், பின்னாலிருந்து இன்னொருவரைத் துரத்தவிட்டால் முடிவெடுக்கும் நேரம் தானாகக் குறைந்துவிடும். பிறகு மூவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று வளர்க்கலாம். பந்தைத் தரையில் தட்டாமலே ஆட வேண்டும் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். பந்தில்லாத பிள்ளைகளும் இடம் தேடி ஓடத் தொடங்குவார்கள். இவற்றுக்குப் புதிய உபகரணம் எதுவும் தேவையில்லை.

இதில் பயிற்றுநரின் பொறுமைதான் பெரிதும் சோதிக்கப்படுகிறது. தடுப்பார் இல்லாத நல்ல இடத்திலிருந்து எறிந்த பந்து கூடையில் விழாவிட்டாலும் அது சரியான முடிவு. அதைப் பாராட்ட வேண்டும். இருவருக்கு நடுவே கண்மூடித்தனமாக எறிந்த பந்து தற்செயலாக உள்ளே விழுந்தால், கைதட்டல் அடங்கிய பின்னராவது அது தவறென்று சொல்ல வேண்டும். விடையைச் சொல்லிக்கொடுப்பதிலும் பார்க்க, "உனக்கு உதவிக்கு யார் எங்கே நின்றார்?" என்று கேட்பது நல்லது. ஆனால் எங்கள் ஊரில் ஆசிரியர் ஏன் என்று கேட்டாலே ஏச்சு விழப்போகிறதென்று பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ஆகவே கேட்கும் குரல் மிக முக்கியம். பதில் வரும்வரை காத்திருப்பதும் முக்கியம்.

மூவர் கூடைப்பந்தாட்டம் இதற்கு அருமையான வழி. அரைக் களத்தில், ஒரே கூடையில், 10 நிமிடங்கள் அல்லது ஓரணி 21 புள்ளிகளை எட்டும்வரை ஆடப்படும் இவ்வாட்டம், 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. எறிவதற்கு 12 வினாடிகளே உண்டு. ஆட்டம் நடக்கும்போது பயிற்றுநர் வெளியிலிருந்து வழிநடத்த விதிகள் இடம் தருவதில்லை. ஒரே களத்தைப் பல வயதுப் பிரிவினர் பங்கிட்டுக்கொள்ளும் எங்கள் பாடசாலைகளில் இரண்டு கூடைகளிலும் பன்னிருவர் ஒரே நேரத்தில் ஆடலாம்; ரியூசனுக்கு ஓடுவதற்கு முன் கிடைக்கும் குறுகிய மாலைப் பொழுதில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பந்து பலமுறை வந்து சேரும்.

வெற்றிக் கிண்ணத்தை எதிர்பார்த்து நிற்கும் அதிபர், பழைய மாணவர் சங்கம், பெற்றோர் ஆகியோரின் நெருக்குதலைப் பயிற்றுநர்கள் அறியாதவர்கள் அல்லர். கட்டளையிட்டு ஆட்டுவிக்கும் அணி சிறு வயதில் சில போட்டிகளை வெல்லவும் கூடும். அதே பிள்ளைகள் மூத்த பிரிவுக்குச் சென்று, மாகாணத்துக்கு வெளியே பழக்கமற்ற அணிகளைச் சந்திக்கும்போதுதான் அவ்வெற்றிகளின் விலை தெரியவரும். பழைய மாணவர்கள் சீருடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் களத்தின் பக்கவாட்டில் மேலதிகக் கூடைகள் பொருத்துவதற்கும், சிறுவர் கைக்கேற்ற ஐந்தாம் இலக்கப் பந்துகள் வாங்குவதற்கும் ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும்.

போட்டிகளை ஒழுங்குசெய்வோரிடம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். கீழ் வயதுப் பிரிவுகளில் ரைம் அவுட், இடைவேளை தவிர்ந்த நேரங்களில் பயிற்றுநர்கள் ஆசனத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்று அணிகள் தமக்குள் உடன்பட வேண்டும். ஐவரும் கூடையடியில் இடம்பிடித்து நிற்கும் சோன் தடுப்பை அப்பிரிவுகளில் விலக்கி, ஆளுக்கு ஆள் தடுக்கும் முறையையே அனுமதிக்க வேண்டும். பருவகாலம் தொடங்குவதற்கு முன்னர் மூவர் ஆட்டத் தொடரொன்றை நடத்த வேண்டும். அடுத்த பருவகாலத்துக்கு முன் பயிற்றுநர்கள் கூடும்போது இவற்றை ஆராய்ந்து, குறைந்தது ஒரு பருவகாலமாவது நடைமுறைப்படுத்திப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பழைய கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.