“எல்லா கேம் கன்சோல்களுக்கும் பொருந்தும்” என்று விற்கப்பட்ட டான்ஸ் மேட் குறித்த புகார்

அனுப்புநர்
மின்சாதனப் பழுதுபார்ப்புக் கடை உரிமையாளர்,
பாலக்கோடு,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 20.01.2025

பொருள்: இடது, வலது அம்புக்குறிகளை ஒருசேர மிதித்தால் பதிவு செய்யாத டான்ஸ் மேட் – விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாமை – பணத்தைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது 06.12.2024 நாளிட்ட மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் 25.11.2024 அன்று ரூ.5,400 செலுத்தி நான் வாங்கிய யுஎஸ்பி டான்ஸ் மேட் (தரையில் விரித்து, அம்புக்குறிக் கட்டங்களைக் காலால் மிதித்து நடன விளையாட்டு ஆடும் விரிப்பு), 04.12.2024 அன்று கூரியரில் வந்து சேர்ந்தது. அந்த மேட்டில் இடது அம்புக்குறியைத் தனியே மிதித்தால் வேலை செய்கிறது. வலது அம்புக்குறியைத் தனியே மிதித்தாலும் வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மிதித்தால் மட்டும் யாரும் அதன்மேல் நிற்கவே இல்லை என்பதுபோல் இருந்துவிடுகிறது. ஒன்றரை மாதமாக இதைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்ததால், நடந்த அனைத்தையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்புகிறேன்.

இந்தப் பொருளை நாங்கள் அவசரப்பட்டு வாங்கவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஒரு வணிக வளாகத்தில் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் இயந்திரத்தில் ஆடிப் பார்த்தாள். கொனாமி நிறுவனம் 1998இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய விளையாட்டு அது. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அம்புக்குறிகள் திரையின் கீழிருந்து மேலேறி வர, மேல் வரிசையில் அசையாமல் நிற்கும் அம்புகளோடு அவை பொருந்தும் கணத்தில், காலடியிலுள்ள அதே திசைக் கட்டத்தை மிதிக்க வேண்டும். அன்று முதல் அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். எங்கள் வீடு தக்காளி மண்டிக்குச் செல்லும் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையை ஒட்டி இருப்பதால் வெளியே ஓடியாட இடமில்லை. வீட்டுக்குள்ளேயே கால் ஓய ஆட ஒரு வழி கிடைக்கிறதே என்று எனக்கும் அந்த ஆசை நியாயமாகவே பட்டது. உண்டியலில் அவள் சேர்த்திருந்த ரூ.1,900உம் தாங்கள் பெற்றுக்கொண்ட தொகையில் அடங்கும்.

வீட்டு கன்சோலில், அதாவது டிவியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவியில், ஆடும் நடன விளையாட்டுகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே தேர்வு செய்தோம். 2009இல் வீ கன்சோலுக்கு யூபிசாஃப்ட் வெளியிட்ட ஜஸ்ட் டான்ஸ், ஆடுபவர் கையில் பிடித்திருக்கும் ரிமோட்டின் அசைவை வைத்து மதிப்பெண் தருகிறது. கால் எங்கே படுகிறது என்பதை அது பார்ப்பதில்லை. 2010இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த டான்ஸ் சென்ட்ரல், கினெக்ட் கேமராவால் உடம்பு முழுவதையும் கவனிக்கிறது. அதற்கும் மேட் தேவையில்லை. காலால் தாளம் போடுவதுதான் என் மகளுக்கு வேண்டும் என்பதால் இரண்டையும் விலக்கிவிட்டு, ஒசூரில் வேலை பார்க்கும் என் மைத்துனரிடமிருந்து ஒரு பழைய பிளேஸ்டேஷன் 3ஐ வாங்கினோம். அதற்காக 2010இல் கொனாமி வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வட்டும் பழைய பொருளாகக் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 3 விளையாட்டு வட்டுகளுக்குப் பொதுவாக நாட்டுப் பூட்டு (ஒரு நாட்டின் வட்டு வேறு நாட்டுக் கன்சோலில் ஓடாதபடி செய்யும் தடை) கிடையாது என்பதால் வெளிநாட்டு வட்டாக இருந்தும் எங்கள் கன்சோலில் ஓடியது. ஆனால் அந்த வட்டோடு பெட்டியில் வர வேண்டிய மேட்டை முந்தைய உரிமையாளர் தொலைத்துவிட்டிருந்தார். எனவே மேட்டை மட்டும் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

பணம் செலுத்துவதற்கு முன், 24.11.2024 அன்று தங்கள் இணையதள அரட்டைப் பெட்டியில் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இந்த மேட் பிளேஸ்டேஷன் 3இல் அந்த வட்டுடன் வேலை செய்யுமா என்பது முதல் கேள்வி. இரண்டு அம்புகளை ஒரே நேரத்தில் மிதித்தால் ஏற்குமா என்பது இரண்டாவது. இதைக் கேட்கச் சொன்னவள் என் மகள். “ஆம், எல்லா கன்சோல்களிலும் எல்லா டான்ஸ் கேம்களிலும் வேலை செய்யும், எல்லா அம்புகளும் வேலை செய்யும்” என்று தங்கள் பணியாளர் பதில் எழுதினார். அந்த உரையாடலின் படத்தை இணைத்துள்ளேன். இந்தப் பதிலை நம்பித்தான் வாங்கினேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். சாதாரண கேம் கைப்பிடியில் உள்ள திசைப் பொத்தானில் ஒரே கட்டைவிரலால் இடதையும் வலதையும் சேர்த்து அழுத்த வழியில்லை. அதனால் அத்தகைய கைப்பிடிகளுக்கான பல மின்சுற்றுகள், இடது வலது இரண்டையும் தனித்தனிப் பொத்தான்களாக அனுப்பாமல், ஒரே அச்சின் இரு முனைகளாக அனுப்புகின்றன. இடது என்றால் கழித்தல், வலது என்றால் கூட்டல். இரண்டும் ஒருசேர வந்தால் ஒன்றையொன்று கழித்துப் பூச்சியமாகிவிடும். கைப்பிடிக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் நடன விளையாட்டில், இரு கால்களையும் விரித்துக் குதித்து இடதையும் வலதையும் ஒன்றாக மிதிப்பது அடிக்கடி வரும் அடி. எனவே டான்ஸ் மேட்டுக்கான மின்சுற்று நான்கு அம்புகளையும் நான்கு தனிப் பொத்தான்களாகவே அனுப்ப வேண்டும். தாங்கள் விற்ற மேட்டில் கைப்பிடிக்கான சுற்றையே அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இது என் ஊகம் அல்ல. பதினேழு ஆண்டுகளாக மிக்சி, மின்விசிறி, டிவி பழுதுபார்த்துப் பிழைக்கும் நான், மேட்டின் ஒரு திருகைக்கூடத் தொடாமல், கடையிலுள்ள கணினியில் செருகிச் சோதித்தேன். விண்டோஸில் கேம் கன்ட்ரோலரைச் சோதிக்கும் சாளரத்தைத் திறந்தால் சதுரத்தின் நடுவே ஒரு சிறு சிலுவைக் குறி தெரியும். இடதை மிதித்தால் குறி இடது ஓரத்துக்குப் போகிறது, வலதை மிதித்தால் வலது ஓரத்துக்குப் போகிறது, இரண்டையும் மிதித்தால் நடுவிலேயே நின்றுவிடுகிறது. மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து மிதித்தாலும் அப்படியே. அதே சமயம் இடதையும் மேலையும் சேர்த்து மிதித்தால், அவை வெவ்வேறு அச்சுகள் என்பதால், குறி மூலைக்குச் சரியாகப் போகிறது. கட்டங்கள் பழுதாகியிருந்தால் இந்தச் சேர்க்கை மட்டும் எப்படி வேலை செய்யும்? இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெப்மேனியா என்ற திறந்த மூல மென்பொருளிலும் ஆடிப் பார்த்தோம். அங்கும் பிளேஸ்டேஷன் 3இலும் இடது–வலது குதிப்புகள் ஒவ்வொன்றும் தவறிய அடியாகவே பதிவாயின. இந்தச் சோதனையைக் காணொளியாக எடுத்து டிசம்பர் 6ஆம் நாள் மின்னஞ்சலுடன் அனுப்பியிருந்தேன். அதைத் தங்கள் தரப்பில் ஒருவரேனும் பார்த்ததற்கான அறிகுறி இதுவரை இல்லை.

அந்த மின்னஞ்சலைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் பதிலே டிசம்பர் 14ஆம் நாள்தான் வந்தது. அதன் பின் கிடைத்த விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. காலணியுடன் மிதித்திருப்பீர்கள் என்று முதலில் கூறினார்கள். எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்பணிந்து நடப்பதில்லை; மேட்டின் மேல் மகள் வெறுங்காலோடுதான் ஆடினாள். இவ்வகை மென்மேட்டில், மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு மெல்லிய தாள்களுக்கு இடையே துளையிட்ட நுரைத்தாள் ஒன்று இருக்கும் என்பதும், மிதிக்கும்போது துளைகளின் வழியே இரு தாள்களும் தொட்டுக்கொள்ளும் என்பதும், கண்டபடி மடித்தால் பூச்சு விரிசல் விட்டுக் கெடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் ஆடி முடித்ததும் சுருட்டியே வைத்தோம். எட்டாக மடித்து அனுப்பியது தங்கள் கிடங்குதான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அடுத்ததாக, குறை டிவியில் இருக்கிறது என்றார்கள். இதில் பாதி உண்மை உண்டு. புதிய தட்டை டிவிகள் படத்தைச் செம்மைப்படுத்தச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால், பாட்டும் அம்பும் முன்பின்னாகி அடிகள் பிந்துவது வழக்கம். எங்கள் டிவியிலும் அந்தத் தாமதம் இருந்தது. விளையாட்டுக்கென டிவியிலேயே உள்ள கேம் மோடு என்ற அமைப்புக்கு மாற்றியதும் குறைந்தது. ஆனால் டிவியின் தாமதம் எல்லா அடிகளையும் ஒன்றுபோலப் பிந்தச் செய்யுமே தவிர, இடதும் வலதும் சேர்ந்த அடியை மட்டும் தேர்ந்தெடுத்து மறைத்துவிடாது. இதைத் தொலைபேசியில் பேசிய பணியாளரிடம் இரண்டு முறை பொறுமையாக விளக்கியும், டிவியை மாற்றிப் பாருங்கள் என்றே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்றாவதாக, பெங்களூரிலுள்ள சேவை மையத்துக்கு நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். ஜனவரி 4ஆம் நாள் கடையைப் பூட்டிவிட்டு, இராயக்கோட்டை, ஒசூர் வழியாகப் பேருந்து மாறி மாறிச் சென்றேன். கைப்பேசிகளை மட்டுமே பார்ப்பதாக அந்த மையத்தில் கூறி, சுருட்டிய மேட்டை விரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். அன்றைய பயணச் செலவும் ஒரு நாள் வருமானமும் எனக்கு இழப்பு. இறுதியாக ஜனவரி 9ஆம் நாள், “பொருள் வடிவமைப்பின்படியே செயல்படுகிறது, உறை பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற இயலாது” என்று இரண்டே வரியில் புகாரை முடித்து வைத்தார்கள். வடிவமைப்பின்படியே செயல்படுகிறது என்பதை நானும் ஏற்கிறேன். அந்த வடிவமைப்பே டான்ஸ் மேட்டுக்கு உரியதன்று என்பதுதான் என் புகார். உறையைப் பிரிக்காமல் ஒரு மேட்டை மிதித்துப் பார்க்கும் வழியையும் அந்தப் பதிலில் எழுதியவர் தெரிவித்திருக்கலாம்.

தங்கள் விற்பனைப் பக்கத்தில் இன்றளவும் நீடிக்கும் வேறு பிழைகளையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இந்த மேட்டுடன் ஆடக்கூடிய விளையாட்டுகள் என்று அங்கே ஜஸ்ட் டான்ஸும் டான்ஸ் சென்ட்ரலும் குறிப்பிடப்பட்டுள்ளன. மேலே சொன்னபடி இரண்டுக்கும் மேட் தேவையே இல்லை. தென்கொரிய நிறுவனமான ஆண்டமிரோ 1999இல் கொண்டுவந்த பம்ப் இட் அப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து கட்டங்கள் வேண்டும். தங்கள் மேட்டின் நடுவில் வெறும் படம் அச்சிடப்பட்டிருக்கிறதே அன்றி மிதிக்கும் கட்டம் இல்லை. “எல்லா கன்சோல்களுக்கும்” என்பதும் அப்படியே. எங்கள் பக்கத்து வீட்டு பிளேஸ்டேஷன் 4இல் செருகியபோது அது இந்த மேட்டை அடையாளம் காணவே இல்லை. விவரம் தெரியாத பெற்றோர் ஒருவர் இந்தப் பக்கத்தை நம்பி, மேட் தேவைப்படாத விளையாட்டுக்கு மேட் வாங்கி ஏமாறுவார் என்று நினைக்கும்போது எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண்பது குறைதீர்ப்பு அலுவலரின் கடமை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது என்றும் அந்த விதிகள் கூறுகின்றன. என் புகாரில் இவற்றில் எதுவும் பின்பற்றப்படவில்லை.

எனவே, மேட்டைத் தங்கள் செலவில் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துச் சென்று, ரூ.5,400ஐ முழுமையாகத் திருப்பித் தருமாறும், தங்கள் சொல்லை நம்பிப் பெங்களூரு சென்றுவந்த பேருந்துக் கட்டணம் ரூ.460ஐயும் சேர்த்து வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதே மாதிரி மேட் ஒன்றையே மாற்றாக அனுப்புவதை ஏற்க மாட்டேன், ஏனெனில் அதிலும் அதே சுற்றுதான் இருக்கும். நான்கு அம்புகளையும் தனித்தனிப் பொத்தான்களாக அனுப்பும், பிளேஸ்டேஷன் 3இல் சோதித்துப் பார்த்த மேட் தங்களிடம் இருந்தால், பணத்துக்குப் பதிலாக அதைப் பெற்றுக்கொள்ள மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறேன். பணத்தைவிட அந்த மேட்டே எங்களுக்குத் தேவை. மேலும், விற்பனைப் பக்கத்திலிருந்து “எல்லா கன்சோல்களுக்கும்” என்ற சொற்களை நீக்கி, எந்தக் கன்சோலில் எந்த விளையாட்டோடு ஓடும் என்பதையும், எதிரெதிர் அம்புகளை ஒன்றாக மிதித்தால் பதிவாகுமா என்பதையும் வாங்குபவர் கண்ணில் படும்படி எழுத வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

இப்போதும் என் மகள் தினமும் மாலையில் மேட்டை விரித்து, ஒற்றை அம்புகள் மட்டுமே வரும் இரண்டு எளிய பாட்டுகளுக்குத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கிறாள். குதிக்க வேண்டிய பாட்டுகளை அவள் தொடுவதில்லை, தொட்டால் ஆட்டம் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அவளாகவே கேட்கச் சொன்ன கேள்விக்குப் பெரியவர்கள் தவறான பதிலைச் சொல்லிவிட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதால், எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். பணம் செலுத்திய ரசீது, அரட்டை உரையாடலின் படம், சோதனைக் காணொளி அடங்கிய பென் டிரைவ், பேருந்துப் பயணச் சீட்டுகளின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)

இடம்: பாலக்கோடு