உப்புக்கு மட்டும்தானா பழி?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ரத்தக் கொதிப்புக் கட்டுரையைப் படித்தேன். உப்பு, கோபம், தூக்கமின்மை என்று பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரையாளர், பரம்பரையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். எங்கள் வீட்டுக் கதையே அந்த ஒரு வரிதான் என்பதால் இந்தக் கடிதம்.

என் அண்ணனுக்கு 41 வயதில் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் உப்பைத் தூக்கலாப் போட்டுட்டேனோ?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். வீடு திரும்பியதும் ஊறுகாய் ஜாடியைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றினார். எங்கள் அப்பாவும் அத்தையும் ஐம்பது வயதுக்கு முன்பே பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்தவர்கள். அண்ணன் இரண்டு வருடமாகக் காட்டிவந்த டாக்டர் அதை ஒருநாளும் விசாரிக்கவில்லை. "டென்ஷன் ஆகாதீங்க, உப்பைக் குறைங்க" என்பதோடு சரி.

துருக்கியில் ஒரு குடும்பத்தைப் பற்றி 1973இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் விரல்கள் குட்டையாகப் பிறந்தவர்களுக்குக் கடுமையான ரத்த அழுத்தமும் சேர்ந்தே வந்தது. வைத்தியம் இல்லாவிட்டால் ஐம்பது வயதுக்குள் பக்கவாதத்தில் போய்விடுவார்கள். பெர்லினின் மாக்ஸ் டெல்ப்ரூக் மையத்தில் ஃப்ரீட்ரிஷ் லுஃப்ட், சில்வியா பேரிங் குழுவினர் இருபது ஆண்டுகள் விடாமல் தேடி, 2015இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பிடிஇ3ஏ என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான். அந்த மரபணு உண்டாக்கும் நொதி அளவுக்கு மீறி வேலை செய்து, ரத்தக் குழாயைத் தளர வைக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைச் சிதைத்துவிடுகிறது. குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்கள் பெருகுகின்றன. சுவர் தடித்து, உள்ளே வழி குறுகிவிடுகிறது. இவர்களுடைய அழுத்தம் உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரிதாக மாறுவதில்லை.

உப்பால் கெடுதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. லிடில் நோய் என்று ஒன்று உண்டு. அதில் உப்பை உடம்புக்குள் திரும்ப விடும் சிறுநீரகத்தின் சோடியம் வாசல்கள் மூடாமல், வெளியேற வேண்டிய உப்பு உடம்பிலேயே தங்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். அதற்கான மரபணுக் கோளாறை ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் 1994இல் கண்டறிந்தார்கள். அந்த வாசலை அடைக்கும் அமிலோரைடு மாத்திரை இந்த நோய்க்கு நன்றாகக் கேட்கும். ஆக, ஒருவர் உடம்பு உப்பை என்ன செய்கிறது என்பதிலும் பிறப்புக்குப் பங்கு இருக்கிறது.

இவையெல்லாம் அபூர்வ நோய்கள். நம்மில் பெரும்பாலோருக்கு நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை ஏற்றிவிடுகின்றன. 2018இல் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்தபோது இப்படிப்பட்ட இடங்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டின. ஆனால் அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஊர் ரத்தத்தையும் இதே அளவுக்கு எப்போது ஆராய்வார்கள் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

போன வாரம் அண்ணன் மகனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயது 19, அழுத்தம் 138/88. தாத்தா, அத்தைப் பாட்டி, அப்பா என மூவருக்கும் எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் நானே எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, பரம்பரைக் கோளாறுக்குத் தடயம் கிடைக்குமா என்று ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார்.

விவரம் தெரிந்த ஒரு மருத்துவரை வைத்துப் பரம்பரைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அண்ணி உங்கள் இதழைத் தவறாமல் படிக்கிறவர். சென்ற இதழையும் படித்தார்.

இப்படிக்கு,
மன்னார்குடி வாசகி