காளிபங்கனில் துளையிடப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

ராஜஸ்தானில் ஹரப்பா கால நகரமான காளிபங்கன் இருக்கும் கக்கர் ஆற்றுப் படுகையில் துளையிடும் குழுவோடு நீ போகிறாய் என்று தெரிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

அங்கே போகிறவர்களில் பலர் முடிவைக் கையோடு கொண்டுபோகிறார்கள்: ஆறு வற்றியது, நகரம் அழிந்தது. கக்கர் இன்று மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிறது, அதன் கரை நெடுக ஹரப்பா கால ஊர்கள் கிடக்கின்றன. அதனால் அந்த எண்ணம் தானாகவே வந்துவிடும். ஆற்றில் நீர் குறைந்தது உண்மைதான். எப்போது குறைந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நகரத்துக்கு ஒரு காலம், மணலுக்கு ஒரு காலம், மழைக்கு ஒரு காலம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கணித்த பிறகுதான் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும்.

துளையில் மேலே பழுப்பு நிற வண்டலும் களியும் வரும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், மைக்கா மின்னும் மணல். அந்த மணல் இமயத்திலிருந்து வந்த பேராறு போட்டது. பழுப்பு வண்டல், வேகம் இழந்த நீர் விட்டுப்போனது. இரண்டும் சந்திக்கும் கோட்டின் வயதுதான் உனக்கு வேண்டியது.

அதற்கு ஓஎஸ்எல் முறை, அதாவது மணலை ஒளியால் தூண்டி வயது பார்ப்பது. புதைந்த பிறகு சுற்று மண்ணின் கதிர்வீச்சு குவார்ட்ஸ் மணிகளில் சேர்ந்துகொண்டே வரும். அதை அளந்தால் மணிகள் கடைசியாக எப்போது வெயில் பட்டன என்பது தெரியும். ஆகவே மாதிரியில் ஒளி படவே கூடாது. ஒளி புகாத குழாயிலேயே மண்ணை எடுத்து, இருட்டறையில் மங்கிய சிவப்பு விளக்கில் நீளவாக்கில் பிளக்க வேண்டும். துளையிடும்போது ஓரத்து மண் மேலும் கீழும் இழுபட்டுக் கலந்திருக்கும். நடுப்பகுதியை மட்டும் எடு. வெட்டுக்குழிச் சுவரில் எடுப்பதானால் சுவரை நன்றாகச் சுரண்டிவிட்டு, 5 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாயை அடித்து இறக்கு. ஒளி பட்ட முனையில் இரண்டு மூன்று செ.மீ. மண் வீணாகத்தான் போகும். சுற்றிலும் 30 செ.மீ. வரைக்கும் உள்ள மண்ணின் கதிர்வீச்சு அந்த மணிகளைத் தொடுகிறது. அதனால் இரு அடுக்குகள் சேரும் கோட்டிலேயே குழாயை வைக்காதே. கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தள்ளி எடு.

கணக்கு கெடுவது பெரும்பாலும் ஈரத்தில்தான். மண்ணின் ஈரம் கதிர்வீச்சைக் குறைத்துவிடும், அதனால் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் கணக்கில் வரும் வயதும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். இன்றைய ஈரம் அன்றைய ஈரமல்ல. கால்வாய்ப் பாசனம் வந்த இடத்தில் கூடியிருக்கும், ஆழ்குழாய்க் கிணறு இறைக்கும் இடத்தில் குறைந்திருக்கும். ஈரம் பார்க்கத் தனியாக ஒரு பிடி மண்ணைக் காற்றுப் புகாமல் கட்டி வை. இன்னொரு பிழை, வெள்ளத்தில் அவசரமாகப் படிந்த மணல் முழுதாக வெயில் படாமலே புதைந்திருப்பது. அப்போது உண்மையைவிடக் கூடுதல் வயது வரும்.

மணல் எந்த ஆற்றுடையது என்பதை, அதில் கலந்திருக்கும் சிர்கான் என்ற கடினக் கனிம மணிகளின் யுரேனியம்-ஈய வயது (யுரேனியம் சிதைந்து ஈயமாவதை வைத்துக் கணிப்பது) சொல்லும். சட்லெஜுக்கும் யமுனைக்கும் பாறைகளின் வயதுக் கலவை வேறு. ஒரு மாதிரிக்கு நூற்றுக்கு மேல் மணிகள் பார்க்காவிட்டால் குறைவாக உள்ள வயதுக் கூட்டம் கண்ணில் படாமல் தப்பிவிடும். சிர்கான் சொல்வது மலைப்பாறையின் வயதை. மணல் படிந்த காலம் என்று அதைக் குழப்பி எழுதியவர்கள் உண்டு.

ஐஐடி கான்பூரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு இப்படி வந்தது: சட்லெஜ் இந்தத் தடத்தை விட்டு விலகியது சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன். காளிபங்கன் நகரமாக இருந்ததோ கி.மு. 2600 முதல் 1900 வரை. அதாவது பேராறு போய் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் நகரம் எழுந்தது! கரையை அரிக்கும் வெள்ளம் இல்லை, பள்ளத்தில் மழைநீரும் வண்டலும் தங்கும். ஆறு கைவிட்ட தடம் குடியிருக்க ஏற்ற இடமானது. எனக்கு இது மிகவும் வலுவான வாதமாகப் படுகிறது. ஆனால் 2019-ல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடமும் ஐஐடி பம்பாயும் சேர்ந்த குழு, சட்லெஜின் கிளைகள் வழியாக 9000 முதல் 4500 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே வற்றாத ஓட்டம் இருந்தது என்றது. 8000-க்கும் 4500-க்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிக்குள்தான் உன் துளை இறங்கப்போகிறது. சாம்பல் மணலின் மேல்விளிம்பில் மாதிரிகளை நெருக்கமாக எடு.

நகரங்கள் காலியானதற்கு மழையைத் தனியாகப் பார். ஹரியானாவில் கோட்லா தஹர் என்ற வறண்ட ஏரியின் நத்தை ஓடுகளில், சுமார் 4100 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் திடீரென்று ஏறுகிறது. ஏரி நீர் வந்ததைவிட ஆவியானது கூடியதன் அடையாளம் அது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகைச் சுண்ணப் படிவும் பருவமழை தளர்ந்ததை 4200 ஆண்டுகளுக்கு முன் என்று காட்டுகிறது. நத்தை ஓட்டைக் கார்பன் முறையில் கணிக்கும்போது கவனம் வேண்டும். நீரில் கரைந்த பழைய சுண்ணாம்பின் கார்பன் ஓட்டில் ஏறி வயதைக் கூட்டிவிடும். கருகிய பார்லி மணி கிடைத்தால் அதையே அனுப்பு.

ஓஎஸ்எல் பிழை ஐந்து முதல் பத்து சதவீதம் வரை வரும். 4000 ஆண்டு என்றால் இருநூறு முதல் நானூறு ஆண்டு முன்பின். கி.மு. 1900 வாக்கில் நகரம் காலியானதற்கு அதை மட்டும் வைத்துக் காரணம் சொல்லாதே.

கடைசியாக, குழாய் ஒரு மீட்டர் இறங்கி எண்பது செ.மீ. மண்தான் வந்தால் இரண்டு அளவையும் எழுது. மேல்முனைக்கு அம்புக்குறி போட்டு, ஆழத்தை அழியாத மையில் குழாயின் மேலேயே எழுது. மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிவிடும். ஆழப் பட்டியலை அன்றன்றைக்கே எனக்கு அனுப்பிவிடு கண்ணு, ஒரு பிரதி இங்கேயும் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா