விமானத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். லேசர் கொண்டு காற்றை அளந்த ‘இயோலஸ்’ செயற்கைக்கோள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை அருமை. ஆனால், காற்றை அளக்க இனி விமானத்துக்கு வேலையே இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண்ணை மாற்றுவது பத்துக் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. இதை 320 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு அளக்க வேண்டும். தொலைநோக்கி ஆடியில் வெப்பம் சற்றே ஏறி இறங்கினாலும் இல்லாத காற்று இருப்பதாகத் தெரியும். இயோலஸில் அப்படியே நடந்தது. 2020-ல்தான் அதற்குத் திருத்தம் சேர்த்தார்கள். அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்தது விமானம் அல்ல, வானிலைக் கணினி மாதிரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதிரியின் கணிப்பை மேம்படுத்தத்தானே செயற்கைக்கோளையே அனுப்பினார்கள்? அதை மட்டுமே சாட்சிக்கு அழைத்தால் எப்படி?

வெளிச்சாட்சிகளில் ஒன்று, ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஃபால்கன் விமானம். அதில் இரண்டு லைடார்கள், அதாவது லேசர் ஒளியை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் படிக்கும் கருவிகள். ஒன்று செயற்கைக்கோளில் இருப்பதன் இரட்டைப் பிறவி போன்றது. மற்றது வேறு அலைநீளத்தில், தூசியிலும் மேகத்துகளிலும் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் படிப்பது. இரட்டைப் பிறவி செய்யும் தவறை இது செய்யாது. 2019-ல் ஐஸ்லாந்திலிருந்தும், 2021-ல் சகாரா தூசி மிதந்து வரும் கேப் வெர்டேயிலிருந்தும் பறந்து ஒப்பிட்டார்கள்.

கட்டுரையோடு வந்த படத்தில் விமானம் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே பறக்கிறது. அங்கே பறந்தால் ஒன்றும் கிடைக்காது! இயோலஸின் லேசர் 35 பாகை சாய்ந்து பக்கவாட்டில் பாய்வது. அந்த ஒளி தரையைத் தொடும் கோடு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும்; விமானி பிடிக்க வேண்டியது அந்தக் கோட்டை. அதிலும், விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் தூரத்தைச் செயற்கைக்கோள் இரண்டே நிமிடத்தில் தாண்டிவிடும். அதனால் பாதி வழியில் இருக்கும்போது இரண்டும் சந்திக்கும்படி நேரம் குறித்துக் கிளம்புவார்கள். அப்போதும் பாதையின் இரு முனைகளிலும் அரை மணி நேர வித்தியாசம் இருக்கும். அதற்குள் காற்று மாறியிருக்கலாம்.

இயோலஸ் 2023-ல் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. 2024 மே மாதம், மேகங்களையும் தூசியையும் ஆராயும் ‘எர்த்கேர்’ செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது, அதிலும் இயோலஸைப் போலவே புற ஊதா லேசர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் ‘ஹாலோ’ ஆய்வு விமானம் கேப் வெர்டேயிலிருந்து கிளம்பி அதன் பாதையின் கீழ் பறந்துகொண்டிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை