நாட்டரசன்கோட்டை ஆட்டோ அண்ணனுக்கு

காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில்தான் நிறைவடையும். கூட்டம் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் விழா முடிந்த பிறகு அழைத்துப் போனேன். வெயில் மட்டும் குறையவே இல்லை.

உள்ளே நுழைந்ததுமே அப்பாவுக்குத் தலை சுற்றியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, எங்களை இறக்கிவிட்டுப் போன நீங்கள் கையில் இளநீரோடு திரும்பி வந்தீர்கள். "ஐயா இறங்கும்போதே கால் தள்ளாடுச்சு, மனசு கேக்கல" என்றீர்கள்.

நேராக ஒரு டாக்டரிடம் கொண்டுபோனீர்கள். சர்க்கரை குறைந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். சரி, வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்ல, அப்பா முகம் வாடியதை நீங்கள்தான் பார்த்தீர்கள். கேட்காமலே வண்டியைச் சமாதிக்குத் திருப்பினீர்கள். அப்பா பழைய தமிழாசிரியர். அங்கே நின்று கம்பர் பாட்டு ஒன்றை முழுதாகச் சொன்னார், நீங்களும் கைகட்டிக் கேட்டீர்கள்.

அப்புறம் அந்த மண். குழந்தை நாவில் தொட்டு வைத்தால் தமிழ் நன்றாக வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அதில் பெரிய பிடிப்பில்லை. ஆனாலும் பேத்தி பிறந்திருப்பதாக அப்பா சொன்னதைக் கேட்டு, ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தீர்களே!

காத்திருந்ததற்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. பெயரும் சொல்லவில்லை. ஸ்டாண்டில் யாராவது இதைப் படித்தால் அவரிடம் காட்டுங்கள். அண்ணே, அப்பா நலம். உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறார்.